இடம் இருக்கு, ஆனா ஏற மாட்டேங்குது: பழைய கணினியும் 4 ஜிபி தடையும்

பென் டிரைவில் 12 ஜிபிக்கு மேல் காலியாக இருக்கிறது. ஏற்ற வேண்டிய வீடியோ 5.6 ஜிபிதான். ஆனாலும் கணினி, "போதுமான காலி இடம் இல்லை" என்கிறது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா? நடந்திருந்தால், அடுத்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் முக்கியம். நான் செய்தது தவறு. அந்தத் தவறை நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் இந்தப் பாடம்.

சில ஆண்டுகளுக்கு முன், கல்லூரி விடுமுறையில் போடிநாயக்கனூரில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். திருப்பூரில் இருக்கும் அக்காவுக்கு அவருடைய கல்யாண வீடியோவை எடுத்துப்போக வேண்டும். வீடியோ இருந்தது சித்தப்பாவின் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில். என் 16 ஜிபி பென் டிரைவைச் செருகி, காப்பி கொடுத்தேன். "போதுமான காலி இடம் இல்லை. ஒன்றோ பலவோ ஃபைல்களை அழித்துவிட்டு மீண்டும் முயலவும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது.

"இடம் இருக்குல்லடா, அப்புறம் என்னத்துக்கு ஏற மாட்டேங்குது?" என்றார் சித்தப்பா. சரியான கேள்வி. நான் கேள்வியை விட்டுவிட்டுக் கணினி சொன்னதைக் கேட்டேன். பென் டிரைவில் இருந்த ஒரு ஃபோல்டரை அழித்தேன். அதில் தாத்தாவின் குரல் இருந்தது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர் அவர். காய் எடுப்பு நாள்களைப் பற்றியும், ராத்திரி முழுக்க விழித்திருந்து காய் உலர்த்தியதைப் பற்றியும் அவர் பேசியதைப் போனில் ஐந்து ஒலிப்பதிவுகளாக எடுத்து வைத்திருந்தேன். ரீசைக்கிள் பின்னில் இருக்கும், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. பென் டிரைவில் அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அழித்த பிறகும் அதே பெட்டிதான் வந்தது. வீடியோ ஏறவே இல்லை.

தடை எங்கே இருக்கிறது?

இதைப் புரிந்துகொள்ள ஓர் எடைச்சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டில் ஒரு சரக்கின் எடையை எழுத மூன்று கட்டங்கள் மட்டுமே அச்சிட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 999 கிலோ வரை எழுதலாம். 1,000 கிலோ சரக்கு வந்தால்? குடோன் முழுக்கக் காலியாகத்தான் கிடக்கிறது. ஆனால் சீட்டில் எழுத முடியாது. எழுத முடியாத சரக்கை உள்ளே விட மாட்டார்கள்.

பென் டிரைவ், மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றிலும் இப்படி ஒரு பதிவேடு உண்டு. எந்த ஃபைல் எங்கே தொடங்குகிறது, அதன் பெயர் என்ன, அளவு எவ்வளவு என்று கணினி அதில் குறித்து வைக்கும். இந்தப் பதிவேட்டு முறைக்குத்தான் 'ஃபைல் சிஸ்டம்' என்று பெயர். கடையில் வாங்கும் 32 ஜிபி வரையிலான பென் டிரைவ்களில் பெரும்பாலும் இருப்பது 'ஃபேட்32' என்ற முறை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1996இல், விண்டோஸ் 95இன் பிந்தைய பதிப்போடு கொண்டுவந்தது.

ஃபேட்32 பதிவேட்டில் ஒரு ஃபைலின் அளவை எழுத 32 கட்டங்கள் இருக்கின்றன. கணினிக்கு 0, 1 என்ற இரண்டு எண்கள்தான் தெரியும் என்பதால், 32 கட்டங்களில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அதற்கு மேல் ஒரு பைட் கூடினாலும் எழுத இடமில்லை. நம் கணக்கில் இது 4 ஜிபிக்கு ஒரே ஒரு பைட் குறைவு. 1996இல் வீட்டுக் கணினியின் மொத்த ஹார்ட் டிஸ்க்கே பெரும்பாலும் அந்த அளவைத் தொடாது. ஒரே ஃபைல் அவ்வளவு பெரிதாக வரும் என்று அன்று யாரும் கவலைப்படவில்லை. அதற்கும் முந்தைய டாஸ் காலத்து 'ஃபேட்16' முறையில் ஒரு டிரைவின் மொத்த எல்லையே 2 ஜிபிதான்.

ஆக, என் பென் டிரைவில் குறைவாக இருந்தது இடம் கிடையாது. அளவை எழுதும் கட்டம்தான். எக்ஸ்பி அதைச் சொல்லத் தெரியாமல் "இடம் இல்லை" என்று சொல்லிவிட்டது. விண்டோஸ் 7 முதல் வந்தவை கொஞ்சம் நேர்மையாக, "சேருமிடத்தின் ஃபைல் சிஸ்டத்துக்கு இந்த ஃபைல் மிகப் பெரியது" என்று சொல்கின்றன. இந்த இரண்டு வாசகங்களில் எது வந்தாலும் எதையும் அழிக்காதீர்கள். அழிப்பதால் கட்டம் கூடாது.

சொல்லாமலே வெட்டுகிற தடை

குறைந்தபட்சம் என் கணினி ஏதோ ஒரு பெட்டியைக் காட்டி நின்றது. சில பழைய வடிவங்கள் அதைக்கூடச் செய்வதில்லை.

2020இல் இங்கிலாந்தில் நடந்தது இது. கொரோனா பரிசோதனை முடிவுகளைச் சேர்க்க அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு எக்ஸெல்லின் பழைய ஃபைல் வடிவத்தைப் பயன்படுத்தியது. அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான். ஒவ்வொரு நோயாளிக்கும் பல வரிசைகள் தேவைப்பட்டதால் தாள் சீக்கிரமே நிரம்பியது. அதற்கு மேல் வந்தவை விடுபட்டுப்போயின. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்களின் விவரம் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. அவரவர் முடிவு அவரவருக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை தாமதமானது. புதிய எக்ஸெல் வடிவத்தில் 10,48,576 வரிசைகள் வரை எழுதலாம்.

நீங்கள் ஒரு சங்கத்தின் கணக்கையோ குழுவின் உறுப்பினர் பட்டியலையோ பழைய கணினியில் வைத்திருந்தால், கடைசி வரிசை வந்து சேர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். வீடியோவுக்கும் இதே விதிதான்: காப்பி முடிந்ததும் தொடக்கத்தை மட்டும் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், கடைசி நிமிடத்தையும் ஓட்டிப் பாருங்கள்.

முதலில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னும் இந்த இரண்டையும் பார்ப்பது அவசியம். ஒரு நிமிடம் போதும்.

ஒன்று, ஃபைலின் அளவு. ஃபைல் மீது ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' திறந்தால் அளவு தெரியும். 4 ஜிபிக்குக் குறைவாக இருந்தால் பிரச்சினை வேறு; உண்மையிலேயே இடம் இல்லாமலும் இருக்கலாம்.

இரண்டு, டிரைவின் முறை. 'மை கம்ப்யூட்டர்' அல்லது 'திஸ் பிசி'யில் பென் டிரைவின் மீது ரைட் கிளிக் செய்து, அங்கேயும் 'பிராப்பர்ட்டீஸ்' திறங்கள். 'ஃபைல் சிஸ்டம்' என்ற வரியில் இவற்றில் ஒன்று இருக்கும்:

ஃபேட்32: ஒரு ஃபைல் 4 ஜிபிக்குள்தான். ஆனால் பழைய கணினி, டிவி, கார் பிளேயர், சிசிடிவி பெட்டி என ஏறக்குறைய எல்லாமே இதைப் படிக்கும்.

என்டிஎஃப்எஸ்: 4 ஜிபி தடை இல்லை. எக்ஸ்பி முதல் எல்லா விண்டோஸும் படிக்கும், எழுதும். ஆண்ட்ராய்டு போன்கள், டிவிகள் பலவும் படிக்காது. ஆப்பிள் மேக் படிக்கும், எழுதாது.

எக்ஸ்-ஃபேட்: 2006இல் வந்தது. 4 ஜிபி தடை இல்லை. விண்டோஸ் 7 முதல் எல்லாவற்றிலும் வேலை செய்யும். எக்ஸ்பியில் 2009இல் வந்த ஒரு கூடுதல் அப்டேட் இருந்தால்தான் தெரியும். பழைய டிவிகளில் பல இதைப் படிக்காது.

சித்தப்பா வீட்டில் அன்று இதைப் பார்த்திருந்தால், வீடியோ 5.6 ஜிபி, பென் டிரைவ் ஃபேட்32 என்று உடனே தெரிந்திருக்கும். கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வழி 1: பிரித்து ஏற்றுவது

போடியைச் சுற்றி இருப்பவர்களுக்கு இந்த வழி புதிதல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் மூணாறு தேயிலை மலையிலிருந்து இறங்கிய விதம் இதுதான். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். அதற்கு மேல் செங்குத்துச் சரிவு; ரயில் இறங்க முடியாது. அங்கே சரக்கைப் பிரித்து ரோப்வேயில் ஏற்றி, அடிவாரத்தில் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். அங்கிருந்து வண்டிகளில் போடிநாயக்கனூர். 1924 வெள்ளத்தில் அந்த ரயில்பாதை அழிந்துபோனது. ரோப்வே எவ்வளவு தாங்குமோ அவ்வளவு அவ்வளவாக அனுப்பிக் கீழே ஒன்றுசேர்ப்பது என்பதுதான் கணக்கு.

ஃபைலுக்கும் அதையே செய்யலாம். இதில் எதையும் அழிக்க வேண்டாம், பென் டிரைவில் எதையும் மாற்ற வேண்டாம். அதனால்தான் இதை முதல் வழியாகச் சொல்கிறேன்.

இதற்கு 'செவன்-ஸிப்' என்ற இலவச மென்பொருள் போதும். எக்ஸ்பியிலும் ஓடும். அந்தக் கணினியில் இணையம் இல்லாவிட்டால், வேறு கணினியில் அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவலாம்.

1. வீடியோ மீது ரைட் கிளிக் செய்து, 'செவன்-ஸிப்' என்பதில் 'ஆட் டு ஆர்கைவ்' தேர்ந்தெடுங்கள்.

2. மேலே ஃபைல் போய்ச் சேர வேண்டிய இடத்தைக் கேட்கும். ஹார்ட் டிஸ்க்கில் இடம் குறைவென்றால் நேரடியாகப் பென் டிரைவையே காட்டலாம்.

3. 'கம்ப்ரெஷன் லெவல்' என்ற இடத்தில் 'ஸ்டோர்' வையுங்கள். வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான். மறுபடி சுருக்கச் சொன்னால் நேரம்தான் போகும், அளவு குறையாது.

4. 'ஸ்பிளிட் டு வால்யூம்ஸ்' என்ற கட்டத்தில் ஒரு துண்டின் அளவைத் தாருங்கள். அந்தப் பட்டியலிலேயே ஃபேட் டிரைவுக்கென்று 4092 எம்பி என்று ஓர் அளவு இருக்கும். நான் 1000 எம்பியைத்தான் பரிந்துரைப்பேன். காப்பி ஆகும்போது கரண்ட் போனால் ஒரு சின்னத் துண்டை மட்டும் மறுபடி ஏற்றினால் போதும்.

5. 'ஓகே' கொடுங்கள். 5.6 ஜிபி வீடியோ ஆறு துண்டுகளாக வரும். பெயர்களின் கடைசியில் 001, 002 என்று 006 வரை எண் இருக்கும். அந்தப் பெயர்களை மாற்றாதீர்கள்.

போய்ச் சேர்ந்த இடத்தில் ஆறு துண்டுகளையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, 001 என்று முடிவதன் மீது மட்டும் ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்ட்ராக்ட்' கொடுங்கள். மற்றவற்றை அதுவே எடுத்துக்கொள்ளும். ஒரு துண்டு குறைந்தாலும் வீடியோ முழுமையாக வராது. எனவே கிளம்புவதற்கு முன் எண்ணிப் பாருங்கள். வாங்கிக்கொள்ளும் கணினியின் ஹார்ட் டிஸ்க் என்டிஎஃப்எஸ் முறையில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். இல்லையென்றால் ஒன்றுசேர்க்கும்போது அதே தடை அங்கே வரும்.

பிரிப்பது வேறு, சுருக்குவது வேறு

"எதுக்கு இவ்வளவு பாடு? ஒரு ஆப்ல போட்டு சைஸைக் குறைச்சிரலாமே?" என்று கேட்கலாம். குறைக்கலாம். ஆனால் அப்படிக் குறைத்தால் கிடைப்பது வேறொரு வீடியோ. தெளிவு குறையும், குறைந்தது திரும்ப வராது. பிரித்து ஒன்றுசேர்த்த வீடியோவில் ஒரு பைட்கூட மாறாது.

கல்யாண வீடியோவுக்கு இது தெளிவைப் பற்றிய விஷயம். சிசிடிவி பதிவுக்கு இதைவிடப் பெரிய விஷயம். கடையில் திருட்டு, வாசலில் விபத்து என்று ஒரு பதிவைப் போலீஸிடம் தர வேண்டியிருந்தால் அதைச் சுருக்காதீர்கள், எடிட் செய்யாதீர்கள், வாட்ஸ்அப் வீடியோவாக அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்க ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் அந்த ஃபைலின் 'ஹேஷ்' மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஹேஷ் என்பது ஃபைலுக்கு வைக்கும் கைரேகை மாதிரி. உள்ளே ஒரு பைட் மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். பிரித்துச் சேர்த்த ஃபைலுக்கு ஹேஷ் மாறாது, சுருக்கிய ஃபைலுக்கு மாறிவிடும்.

வீட்டு உபயோகத்திலும் இது உதவும். செவன்-ஸிப் நிறுவியிருந்தால், ரைட் கிளிக் பட்டியலில் ஹேஷ் பார்க்கும் வசதி இருக்கும். மூல வீடியோவுக்கும் ஒன்றுசேர்த்த வீடியோவுக்கும் பார்த்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

வழி 2: பதிவேட்டு முறையை மாற்றுவது

அடிக்கடி பெரிய ஃபைல்களை எடுத்துப்போகிறவர் என்றால், பென் டிரைவின் முறையையே மாற்றிவிடலாம். இதற்கு இரண்டு பாதைகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள்.

முதல் பாதை 'ஃபார்மேட்'. போடிக்காரர்களுக்கு நான் உதாரணம் தேட வேண்டியதில்லை. மதுரை–போடி பாதையில் ஓடியது மீட்டர் கேஜ், அதாவது 1,000 மில்லிமீட்டர் அகலம். அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். மாற்றுவதற்காக 2010 இறுதியோடு ரயில் நின்றது. தேனி வரை 2022 மே மாதமும், போடி வரை 2023 ஜூன் மாதமும்தான் திரும்ப ஓடத் தொடங்கியது. பழைய தண்டவாளத்தை எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட முடிந்தது. ஃபார்மேட்டும் அப்படித்தான். டிரைவில் இருக்கும் எல்லாமே போய்விடும். ஆகவே, அதில் உள்ளதை முழுவதும் வேறோர் இடத்தில் காப்பி செய்து, திறந்து பார்த்து உறுதி செய்த பிறகே இதைத் தொட வேண்டும். டிரைவின் மீது ரைட் கிளிக் செய்து 'ஃபார்மேட்' கொடுத்து, ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில் எக்ஸ்-ஃபேட் தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸ் 7, அதற்குப் பிந்தையவை, மேக், இன்றைய போன்களில் பலவற்றுக்கு இது பொருந்தும். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸ் 7 உடன் வந்த மடிக்கணினி வீட்டில் இருந்தால், அதிலும் இது வேலை செய்யும்.

இரண்டாவது பாதை 'கன்வெர்ட்'. உள்ளே இருப்பதை அழிக்காமலே ஃபேட்32இலிருந்து என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றும் கட்டளை இது. எக்ஸ்பியிலேயே உண்டு. 'கமாண்ட் பிராம்ப்ட்' திறந்து, 'கன்வெர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, டிரைவின் எழுத்து, அதன் பின் முக்காற்புள்ளி, மறுபடி இடைவெளி, சாய்கோடு, 'எஃப்எஸ்', முக்காற்புள்ளி, 'என்டிஎஃப்எஸ்' என்று தட்ட வேண்டும். டிரைவுக்குப் பெயர் வைத்திருந்தால் அதையும் தட்டச் சொல்லும். இங்கே எழுத்து மாறினால் வேறு டிரைவில் கை வைத்துவிடுவோம். எனவே பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கன்வெர்ட் அழிக்காது என்றாலும் நடுவில் கரண்ட் போகலாம். முக்கியமானவற்றை முன்கூட்டியே காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இது ஒருவழிப் பாதை என்பதையும் கவனியுங்கள். திரும்ப ஃபேட்32 ஆக்க வேண்டுமென்றால் ஃபார்மேட்தான் செய்ய வேண்டும்.

அந்த பென் டிரைவை டிவியிலோ காரிலோ போட்டுப் பார்ப்பவர் என்றால், மாற்றாமல் ஃபேட்32 ஆகவே வைத்துக்கொண்டு முதல் வழியைப் பின்பற்றுவதே நல்லது.

உங்கள் போனிலும் இதே கதைதான்

"எங்கிட்ட பழைய கம்ப்யூட்டரே இல்லையே" என்பவர்கள் போனில் இருக்கும் மெமரி கார்டைப் பாருங்கள். 4 முதல் 32 ஜிபி வரையிலான கார்டுகள் ஃபேட்32 முறையில் வருகின்றன. 32 ஜிபிக்கு மேற்பட்டவை எக்ஸ்-ஃபேட். எனவே 32 ஜிபி கார்டில் வீடியோ எடுத்தால் 4 ஜிபி ஆனதும் போன் பதிவை நிறுத்தும், அல்லது அடுத்த ஃபைலாகத் தொடரும். 4கே தரத்தில் ஒரு நிமிடத்துக்கு 350 எம்பி என்று வைத்தால், பன்னிரண்டு நிமிடத்துக்குள் எல்லை வந்துவிடும். ஊர்த் திருவிழாவையோ, பள்ளி ஆண்டுவிழாவில் பிள்ளையின் நாடகத்தையோ முழுதாக எடுக்க வேண்டுமென்றால், சேமிக்கும் இடத்தைப் போனின் உள் நினைவகத்துக்கு மாற்றிவிடுங்கள், அல்லது தரத்தைக் குறைத்து வையுங்கள்.

இணையம் வழியே அனுப்பினால்? ஜிமெயிலில் இணைப்பு 25 எம்பி வரைதான். வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக 2 ஜிபி வரை அனுப்பலாம். வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். கூகுள் டிரைவில் இலவசமாக 15 ஜிபி கிடைக்கிறது. ஆனால் எக்ஸ்பி கணினியிலிருந்து இதையெல்லாம் முயல வேண்டாம். அதற்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2014 ஏப்ரல் 8 உடன் நின்றுவிட்டன. அந்தக் கணினியில் வங்கிக் கணக்கோ ஆதாரோ திறக்காதீர்கள். துண்டுகளாக்கி வெளியே எடுத்து, புதிய கணினியிலிருந்து அனுப்புங்கள்.

அரசுத் தளங்களில் வரும் அளவுத் தடை

இதையும் மேலே சொன்னதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது புகைப்படமும் ஆவணமும் இத்தனை கேபிக்குள், இத்தனை எம்பிக்குள் என்று கேட்பார்கள். டிஜிலாக்கரில் நீங்களே பதிவேற்றும் ஆவணம் 10 எம்பிக்குள் இருக்க வேண்டும். இவை பதிவேட்டுக் கட்டத்தால் வரும் தடைகள் அல்ல. லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் தளத்துக்காக வைத்த விதிகள். இங்கே பிரித்து அனுப்ப முடியாது, அளவைக் குறைக்கத்தான் வேண்டும்.

பதிவேற்றும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே அனுமதிக்கும் அளவும் வடிவமும் எழுதியிருக்கும். முதலில் அதைப் படியுங்கள். ஆவணத்தை மேசையோடு சேர்த்துப் படம் பிடிக்காமல், ஓரத்தை வெட்டி எழுத்துப் பகுதியை மட்டும் வையுங்கள். வண்ணம் தேவையில்லாத ஆவணத்தைக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தாலே அளவு நன்றாகக் குறையும். எழுத்து படிக்க முடிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். சைஸ் குறைத்துத் தருவதாகச் சொல்லும் முன்பின் தெரியாத இணையதளங்களில் ஆதாரையோ பட்டாவையோ பத்திரத்தையோ ஏற்றாதீர்கள். முடியவில்லை என்றால் பக்கத்து இ-சேவை மையத்துக்குப் போய்க் கேளுங்கள்.

தெரியாமல் அழித்துவிட்டால்

இதை நான் அன்றே தெரிந்துவைத்திருக்க வேண்டும். அழித்த ஃபைல் உடனே மறைந்துவிடுவதில்லை. பதிவேட்டில் அதன் வரி மட்டும் அடிக்கப்படுகிறது. உள்ளே இருந்த தகவல், அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும். எனவே அழித்தது தெரிந்ததும் பென் டிரைவைக் கழற்றி வைத்துவிடுங்கள். அதில் ஒரு போட்டோகூடப் புதிதாக ஏற்றாதீர்கள். 'ஃபோட்டோரெக்' போன்ற இலவச மீட்பு மென்பொருளை வேறு கணினியில் நிறுவி, மீட்டெடுப்பதையும் வேறு டிரைவில் சேமியுங்கள்.

நான் நேர்மாறாகச் செய்தேன். வீடியோ ஏறவில்லை என்றதும், போட்டோக்களையாவது எடுத்துப்போவோம் என்று கல்யாண ஆல்பம் முழுவதையும் அதே பென் டிரைவில் ஏற்றினேன். தாத்தாவின் குரல் இருந்த இடத்தின் மேல் அவை எழுதப்பட்டுவிட்டன. பிறகு ஒரு நண்பர் மீட்டுப் பார்த்தபோது ஐந்தில் இரண்டுதான் கிடைத்தன. காய் உலர்த்திய ராத்திரிகளைப் பற்றி அவர் பேசியது கிடைத்த இரண்டில் இல்லை.

கல்யாண வீடியோ பத்திரமாக இருக்கிறது. அடுத்த முறை போனபோது ஆறு துண்டுகளாக எடுத்துப்போய் அக்காவின் கணினியில் ஒன்றுசேர்த்தேன். கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். "ஏறிருச்சா?" என்றார். "ஏறிருச்சு சித்தப்பா" என்றேன்.

நினைவில் வையுங்கள்

• "இடம் இல்லை" என்று வந்தால் எதையும் அழிப்பதற்கு முன் ஃபைலின் அளவையும் டிரைவின் ஃபைல் சிஸ்டத்தையும் பாருங்கள்.

• ஃபைல் 4 ஜிபிக்கு மேல், டிரைவ் ஃபேட்32 என்றால், பிரித்து ஏற்றுவதே ஆபத்தில்லாத வழி.

• ஃபார்மேட் எல்லாவற்றையும் அழிக்கும். கன்வெர்ட் அழிக்காது, ஆனாலும் முதலில் காப்பி எடுங்கள்.

• சாட்சியாகத் தர வேண்டிய பதிவைச் சுருக்காதீர்கள்.

• போய்ச் சேர்ந்ததைக் கடைசி வரை ஓட்டிப் பார்க்கும் வரை மூலத்தை அழிக்காதீர்கள்.

• பென் டிரைவில் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கு வராது. தவறி அழித்தால் டிரைவை உடனே கழற்றி வையுங்கள்.

• வேறு பிரதி இல்லாத பதிவு உங்களிடம் ஏதாவது இருந்தால், இந்தப் பக்கத்தை மூடியதும் இன்னோர் இடத்தில் அதற்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.